முப்பத்திரண்டாவது வேலை

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பஞ்சாலையின் கீபோர்டுக்குச் சீல் வைத்தார்கள்.

சீல் என்றவுடன் அரக்கு, முத்திரை என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை நீளமாக வெட்டி, கீபோர்டின் குறுக்கே போட்டு, இரண்டு ஓரத்திலும் செலபன் டேப் ஒட்டி, அதன் மேல் ரஹ்மத்துன்னிசா தன் கையெழுத்தைப் போட்டாள். அவ்வளவுதான்.

"சாயந்தரம் அஞ்சு மணிக்கு இந்தத் தாள் கிழியாம இருந்தா நீங்க பாஸ், அக்கா. கிழிஞ்சா பெயில். நடுவுல கெஞ்சுனாலும் நான் கேக்க மாட்டேன் லா."

"கெஞ்சறதா? நானா? பதினேழு வருஷமா இந்த ஆபீஸ்ல டீ கூட கெஞ்சிக் கேட்டதில்ல" என்றாள் பஞ்சாலை.

இந்தக் கதைக்கு நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலிருந்து கூட வருகிறவர்கள் அதற்குள் காப்பி ஆற்றிக்கொள்ளலாம்.

கண்ணப்பன் செட்டியாருக்கு மூன்று தோட்டங்கள். இரண்டில் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை, லிங்கியில் மட்டும் இன்னும் ரப்பர். தலைமை ஆபீஸ் சிரம்பானில். மூன்று தோட்டத்து ஆட்களின் பெயர், வருகை, ரப்பர் பால் எடை எல்லாம் தினமும் டெலிபோன் லைன் வழியாக வந்து சேர்வது மாடியறையில் இருக்கும் டேட்டாபேஸ் செர்வருக்கு. அந்த செர்வருக்குத் தாயும் தாதியும் நம் பஞ்சாலைதான். எழுபத்தெட்டில் டைப்பிஸ்டாக வந்தவள், இப்போது நாற்பது வயதில் அந்தப் பெட்டியின் ஒவ்வொரு முனகலையும் அறிவாள்.

அதற்குத்தான் இப்போது சோதனை. கோலாலம்பூர் கம்பெனி ஒன்று, "எங்களிடம் கொடுங்கள், ஆளே தேவையில்லை, எல்லாம் தானாக ஓடும்" என்று செட்டியாரிடம் காகிதம் நீட்டியிருக்கிறது. செட்டியார் அவசரப்படவில்லை. "நம்ம ஆளுக்கே அதைக் கத்துக் கொடுத்துப் பார்ப்போம். ஒரு நாள் முழுக்க செர்வர்ல கைவைக்காம ஓட்டிக் காட்டட்டும். காட்டினா செர்வர் அவகிட்டயே இருக்கும். இல்லன்னா அவ கீழே ஸ்டோர்ல பேப்பர் கட்டு எண்ணலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஆக, மாடியா, ஸ்டோரா? அதை முடிவு செய்யும் நாள் இன்று.

பயிற்சி கொடுக்க வந்தவள் ரஹ்மத்துன்னிசா, வயது இருபத்தேழு; சுற்றுவட்டாரக் கம்பெனி ஆட்களுக்கெல்லாம் இதைக் கற்றுக்கொடுப்பவள். லோபாக்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் காதர் மைதீனின் மகள். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்கள், தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அதனால்தானோ என்னவோ அவள் சிரிப்பதே இல்லை. முதல் நாளே ஒரு தாளைக் கையில் கொடுத்து, "ஒரு நாளைக்கு உங்க கை இந்த மெஷினுக்குச் செய்யற வேலை எல்லாத்தையும் எழுதுங்க. சின்ன வேலைன்னு எதையும் விடாதீங்க. எழுதாத வேலையை மெஷின் செய்யாது" என்றாள்.

பஞ்சாலை முப்பத்தோரு வேலைகளை எழுதினாள். நான்கு நாட்களில் இருவருமாக உட்கார்ந்து அந்த முப்பத்தொன்றையும் கட்டளைகளாக்கி, ஒவ்வொன்றும் ஓட வேண்டிய நேரத்தைக் குறித்துக் கொடுத்தார்கள்.

இன்று காலையிலிருந்து அவை ஒவ்வொன்றாக நடக்கின்றன.

எட்டு மணிக்கு முந்தைய நாள் விவரங்கள் டேப்பில் தானாகப் பிரதியாயின. ஒன்பதுக்கு மூன்று தோட்டத்துப் பெயர்ப் பட்டியல்களும் சரிபார்க்கப்பட்டன. பத்தேகாலுக்குப் பிரிண்டர் யாரும் தொடாமலே கரகரவென்று அடிக்க ஆரம்பித்ததும் பஞ்சாலைக்கு நிஜமாகவே சந்தோஷம் பொங்கியது. தினமும் அந்தப் பட்டியலுக்காக அவள் நாற்பது நிமிடம் தவம் கிடப்பாள். இன்று அது தானே வந்து தட்டில் விழுந்தது.

கைகள்தான் சும்மா இருக்க மறுத்தன. நொடிக்கொரு தரம் கீபோர்டை நோக்கிப் போயின.

மந்தின் ஊரிலுள்ள நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் சோலையப்பன் இதைப் பார்த்துவிட்டார். அவருக்கு அடுத்த வாரம் சோதனை. இன்று வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார். அவித்த கடலைப் பொட்டலம் ஒன்றை அவள் மடியில் போட்டார்.

"இந்தாங்க, இதை உரிச்சுக்கிட்டு இருங்க. கைக்கு ஒரு வேலை வேணுமில்ல?"

"நல்ல ஐடியா அண்ணே. உங்க டெஸ்ட்டுக்கு நான் பலாப்பழம் கொண்டாந்து தர்றேன்."

"அது ஒட்டும் லா. அப்புறம் கீபோர்டு கையோட வந்துரும்."

ரஹ்மத்துன்னிசாவே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஐந்து நாளில் அதுதான் முதல் தடவை.

பகல் பன்னிரண்டரை. அன்றைய வருகைப் பதிவை செர்வர் தானாக மூடும் நேரம். திரையில் மூன்று வரிகள் வந்தன. முதல் செம்பனைத் தோட்டம்: வந்தவர் 96, வராதவர் 5. இரண்டாவது: வந்தவர் 118, வராதவர் 7.

லிங்கி: வந்தவர் 0, வராதவர் 143.

"என்னங்க இது, லிங்கி மொத்தமும் லீவா? தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கே" என்று சிரித்தார் சோலையப்பன்.

பஞ்சாலையின் மடியிலிருந்து கடலைத் தோல் சிதறியது. அவள் எழுந்து போனை எடுத்து லிங்கி ஆபீஸுக்குச் சுழற்றினாள். எடுத்தது வீரமுத்து. லிங்கித் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. பஞ்சாலையின் கூடப்பிறந்த அண்ணன்.

"அண்ணே, மழையா?"

"மழையா? நாலு மணிக்குப் புடிச்சது தாயி, எட்டரைக்குத்தான் விட்டுச்சு. மரமெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு போச்சு. ஒம்பதரைக்குத்தான் பால் வெட்டப் போனாங்க."

"பால் எப்ப நிறுப்பீங்க?"

"மூணரை ஆகும். ஏன், உனக்குத் தெரியாதா?"

"நீங்க ஏன் ஒரு போன் பண்ணல?"

"நீதானே டெய்லி கூப்புடுவே? இன்னிக்குப் பரீட்சைன்னு சொன்னியே, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

பாசத்தால் வந்த வினை என்றால் இதுதான். பஞ்சாலை போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரஹ்மத்துன்னிசா பக்கத்தில் வந்து நின்றாள். "என்னக்கா விஷயம்?"

பஞ்சாலை சொன்னாள். செம்பனைத் தோட்டங்களில் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், வந்து பேர் கொடுத்தாலே வருகை விழுந்துவிடும். லிங்கியில் அப்படி இல்லை. அங்கே ஆரம்ப காலத்திலிருந்தே பால் எடை போட்ட பிறகுதான் பேர். காலையில் மழை பெய்தால் மரம் காயும்வரை பால் வெட்ட முடியாது. வேலை தள்ளிப்போகும், நிறுப்பதும் தள்ளிப்போகும். அந்த நாட்களில் பஞ்சாலை லிங்கியை மட்டும் மூடாமல் சாயந்தரம் வரை திறந்து வைத்திருப்பாள்.

"மழைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில ஏழு மணிக்கு எங்கண்ணனுக்குப் போன் பண்ணுவேன். மழையா, வெயிலா, பசியாறுனீங்களான்னு கேப்பேன்."

"டெய்லியா?"

"பதினோரு வருஷமா."

ரஹ்மத்துன்னிசா முதல் நாள் தாளை எடுத்து மேலிருந்து கீழாகப் பார்த்தாள். முப்பத்தொன்றில் அது இல்லை.

"இதை ஏன் எழுதல?"

"அது வேலையா ரஹ்மத்து? அண்ணன்கிட்ட பேசுறது. அதைப் போயி யாராச்சும் வேலைன்னு எழுதுவாங்களா?"

ரஹ்மத்துன்னிசா தாளின் அடியில் 32 என்று எண் போட்டு, பேனாவை மூடிவிட்டாள்.

ஒரு நாள் வருகை தப்பாக விழுந்தால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாமே, இதற்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்பீர்கள். வேறு நாளாக இருந்தால் திருத்தலாம். இன்று முடியாது.

ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு முன், ஒரு நாள்கூடத் தவறாமல் வேலைக்கு வந்தவர்களுக்குக் கம்பெனி ஒரு தையல் மெஷின் கொடுக்கிறது. அந்த வருடக் கணக்கின் கடைசி நாள் இன்று. மூன்று மணிக்கு செர்வர் முழு வருகைப் பட்டியலைத் தயாரித்து, மூன்று தோட்டத்துக்கும் பேக்ஸ் அனுப்பி, வருடத்தைப் பூட்டிவிடும். பூட்டிய பிறகு யாராலும் திறக்க முடியாது. பஞ்சாலையாலும் முடியாது. அந்தப் பூட்டைப் போட்டவளே அவள்தான்.

ஏன் போட்டாள்? இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை அது. அந்த முறை முழு வருகை வாங்கியிருக்க வேண்டியவள் வீரமுத்துவின் மனைவி, பஞ்சாலையின் அண்ணி முத்தாயி. லிங்கியில் பால் வெட்டுகிறாள். ஒரே ஒரு நாள் அவளுடைய எடையைப் பதிய அவள் புருஷனே மறந்துவிட்டான். பட்டியல் வெளியான பிறகு முத்தாயி பஸ் ஏறி சிரம்பான் வந்து, "அன்னைக்கு நான் வேலைக்குப் போனது ஊருக்கே தெரியும். அந்த ஒரு நாளைப் போட்டுக் குடு" என்று கேட்டாள்.

பஞ்சாலை மறுத்துவிட்டாள். மூடின பட்டியலில் அண்ணிக்குக் கைவைத்தால் சொந்தக்காரி என்று நாலு பேர் பேசுவார்கள் என்ற பயம். அதோடு நிற்காமல், இனி யாருமே வந்து கேட்க முடியாதபடி பூட்டையும் எழுதிவிட்டாள்.

அன்றிலிருந்து முத்தாயி அவளோடு பேசுவதில்லை. தப்பித் தவறிப் போனை எடுத்தால்கூட, பஞ்சாலையின் குரல் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் புருஷனிடம் கொடுத்துவிடுவாள். போன வருடம் காய்ச்சலில் ஒரு நாள் போயிற்று. இந்த வருடம் ஒரு நாளும் தவறவில்லை. அவளோடு லிங்கியில் இன்னும் பத்துப் பேர்.

பதினொரு பெயர். மூன்று மணிக்குப் பதினொன்றும் போய்விடும்.

இரண்டு மணி ஆயிற்று. பஞ்சாலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்று மெதுவாகச் சொன்னார் சோலையப்பன். "அந்தத் தையல் மெஷின் விவகாரத்தை அப்புறமா ஐயாகிட்டச் சொல்லி வேற வழி பாத்துக்கலாம். தாளைக் கிழிச்சீங்கன்னா உங்க சீட்டுப் போயிரும். பதினேழு வருஷம், சும்மாவா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பஞ்சாலையும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டோர் ரூமின் இருட்டும், பேப்பர் தூசியில் வரப்போகும் தும்மலும் அவளுக்கு இப்போதே தெரிந்தன. இந்த மாடியறையை அவள் எவ்வளவு நேசிக்கிறாள் என்பது இன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. அழுகை வரும்போல இருந்தது.

அப்படியே விட்டால்? அண்ணியிடம் என்ன சொல்வது? போன தடவை பட்டியல் மூடியாயிற்று என்றேன். இந்தத் தடவை எனக்குப் பரீட்சை என்றா?

இரண்டு ஐம்பது.

"ரஹ்மத்து, இந்த ரூல்ல ஏதாச்சும்..."

"இல்லக்கா" என்றாள் ரஹ்மத்துன்னிசா. குரல் உடைந்திருந்தது, ஆனால் சொல் மாறவில்லை. "நான் இங்க கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சரி. நான் கெஞ்சல."

பஞ்சாலை தாளின் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். டேப் பிரிந்து வரும் சத்தம் அந்த அறைக்கே கேட்டது. மூன்று மணிக்கு ஓட வேண்டிய கட்டளையை நிறுத்தினாள். லிங்கியைத் திறந்தாள். நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் விழுந்திருந்த 'வராதவர்' குறியை எடுத்துவிட்டு, எடைக்காகக் காத்திருக்கும்படி வைத்தாள். மொத்தம் நான்கு நிமிடம். அவள் விரல்கள் அதற்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை.

ரஹ்மத்துன்னிசா கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: 2.52, கை வைக்கப்பட்டது.

பஞ்சாலை அண்ணனுக்குப் போன் போட்டு, தாளைக் கிழித்ததைச் சொல்லி, எடையைத் தாமதிக்காமல் அனுப்பச் சொன்னாள். நாலு மணிக்கு லிங்கியிலிருந்து எடை வந்து சேர்ந்தது. வந்தவர் 139, வராதவர் 4. முத்தாயி, முப்பத்தாறு கிலோ. முழு வருகைப் பட்டியலில் பதினொரு பெயரும் முழுசாக இறங்கின. பஞ்சாலை கட்டளையை மீண்டும் ஓடவிட்டு, வருடத்தைப் பூட்டினாள். என்ன ஆனாலும் ஆகட்டும், மனசு லேசாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்குக் கண்ணப்பன் செட்டியார் மாடியேறி வந்தார். கையில் கோலாலம்பூர்க்காரர்களின் காகிதம்.

"என்னாச்சு?"

"பெயில், ஐயா" என்றாள் பஞ்சாலை, ரஹ்மத்துன்னிசா வாயைத் திறப்பதற்கு முன்பே. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், அண்ணி பட்டியலில் இருப்பதையும் சேர்த்து.

செட்டியார் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு கிழிந்த தாளைப் பார்த்தார்.

"லிங்கியில மழை பெய்யும்னு எனக்கே தெரியும். உங்க மெஷினுக்குத் தெரியலயே பஞ்சாலை."

"தெரிய வைக்கலாம் ஐயா" என்று குறுக்கிட்டாள் ரஹ்மத்துன்னிசா. "எங்க பயிற்சி விதிப்படி ஒரு தடவை பரீட்சையைத் திருப்பி எழுதலாம். திங்கக்கிழமை. தினம் ஏழு மணிக்குள்ள லிங்கி ஆபீஸ் கம்பியூட்டர்ல ஒரே ஒரு சாவியை அமுக்கணும். ஒண்ணுன்னா மழை, ரெண்டுன்னா வெயில். மழைன்னா லிங்கி மட்டும் எடை வர்றவரைக்கும் தானா காத்திருக்கும். எதையுமே அமுக்கலன்னா அன்னைக்கு ஓட்டமே நின்னுடும். இதை நாளைக்குள்ள நாங்க எழுதிடுவோம்."

"நின்னுட்டா?"

"பெயில்தான். மறுபடி சான்ஸ் கிடையாது."

செட்டியார் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "திங்கக்கிழமை சாயந்தரம் இதுல கையெழுத்துப் போடறதா வேணாமான்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

சோலையப்பன் மிச்சமிருந்த கடலையை மூன்று பங்காகப் பிரித்தார். மூவருக்கும் அப்போதுதான் பசி தெரிந்தது.

பஞ்சாலை கடலையை மென்றபடியே லிங்கியில் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டாள். ஒரு சாவி அமுக்குவது என்ன பெரிய வித்தை? அண்ணன் தூக்கத்தில்கூடச் செய்வான்.

"அண்ணே, திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்குள்ள..."

"திங்கக்கிழமையா? நான் இல்லியே தாயி. கோலாலம்பூர்ல கண்ணு செக்கப். ஆறு மாசத்துக்கு முன்னயே குடுத்த தேதி. ஞாயித்துக்கிழமையே கிளம்புறேன்."

"சின்னக் கிராணி?"

"அவன் மந்தின்லேர்ந்து மோட்டார்ல வர்றவன். எட்டு மணிக்கு முன்ன வந்ததே இல்ல."

பஞ்சாலைக்கு வாயில் கடலை கசந்தது. ரஹ்மத்துன்னிசா எதிரே நின்று, என்ன, என்ன என்று கையால் கேட்டாள்.

"அப்ப வேற யாருமே இல்லியாண்ணே? ஒருத்தர் போதும். ஒரே ஒரு சாவி."

மறுமுனையில் ஒரு சலசலப்பு. யாரோ யாரிடமிருந்தோ போனைப் பிடுங்கும் சத்தம். வீரமுத்து "ஏய், ஏய்" என்பது தூரத்தில் கேட்டது. பிறகு, இரண்டு வருடமாகப் பஞ்சாலை கேட்காத குரல்.

"எந்தச் சாவின்னு சொல்லு."

"அண்ணி!"

"மழையா வெயிலான்னு உங்கண்ணனுக்குத் தினம் யாரு சொல்றான்னு நெனச்ச? ஆபீஸுக்குள்ள உக்காந்திருக்கிறவருக்கு மரம் நனைஞ்சிருக்கா காஞ்சிருக்கான்னு என்னா தெரியும்? நான் பெரட்டு முடிஞ்சு காட்டுக்குப் போற வழியில ஜன்னல்ல தட்டிச் சொல்லிட்டுப் போவேன். அதைத்தான் அவரு உன்கிட்டச் சொன்னாரு, பதினோரு வருஷமா."

தினமும் ஏழு மணிக்குத் தன் காதில் விழுந்தது அண்ணியின் செய்தி என்பது பஞ்சாலைக்கு இந்த நிமிடம் வரை தெரியாது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

"அண்ணி, உங்க பேரு வந்துடுச்சு. முழு வருகை. தையல் மெஷின்..."

"அது வந்தது தெரியும். பேக்ஸ் ஒட்டியிருக்காங்க. நீ தாளைக் கிழிச்சது எப்படின்னும் உங்கண்ணன் சொன்னாரு. நான் இப்ப அதைக் கேக்கல. எந்தச் சாவி?"

"மழைன்னா ஒண்ணு. வெயில்னா ரெண்டு. ஏழு மணிக்குள்ள."

"ஒண்ணு மழை. ரெண்டு வெயில்." முத்தாயி பெரட்டில் பேர் சொல்வது மாதிரி அழுத்தமாகத் திருப்பிச் சொன்னாள். "ஆபீஸ் சாவி வீட்லதான் இருக்கு. கம்பியூட்டரை நான் தொட்டதில்ல. தொட்டா ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது அண்ணி."

"அடிச்சாலும் பரவால்ல. இங்க பாரு பஞ்சாலை, ரெண்டு வருஷமா உன்மேல எனக்குக் கோவம். அது இன்னும் போகல. திங்கக்கிழமை அதை அமுக்கிட்டு, அப்புறம் வந்து கோவிச்சிக்கிறேன்."